செக்கிங் டேபிளைத் தாண்ட வேண்டாம்

வாழ்த்துகள். மேம்பாட்டுத் திட்டத்துக்கு உங்களைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். பழைய வேலை எதுவும் குறையவில்லை, சம்பளமும் ஏறவில்லை, புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் முளைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கே அதில் யாரோ கும்பிடும் கை இரண்டு போட்டிருக்கிறார்கள். இனித் தப்பிக்க முடியாது.

இடம் திருப்பூர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி பனியன் கம்பெனி. வட்டக் கழுத்து டி-ஷர்ட், ஐயாயிரம் பீஸ் ஆர்டர். பையரின் ஆள் வந்து இன்ஸ்பெக்ஷன் பார்த்து, ஃபெயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெட்டிகளைப் பிரித்து, மறுபடி செக் பண்ணி, மறுபடி அயர்ன் போட்டு, மறுபடி பேக் பண்ணி முடிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது. சரக்கு கம்பெனி செலவில் ஏர்ல போனது. மறுநாள் மீட்டிங்கில் எம்டி, "ஏதாவது பண்ணுங்கப்பா" என்றார். அந்த 'ஏதாவது'வைத்தான் நீங்கள் இப்போது ஒரே பக்கத்தில் எழுதி, சார்ட்டர் என்று தலைப்புப் போட்டு, கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியைச் சரிசெய்வது ஒரு வேலை. திட்டத்தை வெற்றிகரமாக முடிப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குப் புத்தகங்கள் நிறையவே இருக்கின்றன, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் எழுத்து வடிவில் எதுவும் கிடைப்பதில்லை. அனுபவசாலிகள் கையோடு வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

சிக்கலை எழுதும்போதே தீர்வையும் எழுதிவிடுங்கள்

என்ன நடக்கிறது, எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு நஷ்டம் என்ற நான்கை மட்டும் சிக்கல் விவரத்தில் எழுதச் சொல்வார்கள். காரணம் எழுதக் கூடாது, தீர்வு எழுதக் கூடாது, யார் மேலும் பழி போடக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "கடந்த ஆறு மாதத்தில் போன லாட்டுகளில் பாதி முதல் இன்ஸ்பெக்ஷனில் தேறவில்லை" என்று மொட்டையாக எழுதினால், படிக்கிற யாராவது ஒருவர் "ஏன்?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி ஒரு திட்டத்தின் தொடக்கத்திலேயே வருவது நல்லதல்ல.

பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "செக்கிங் பிரிவில் டேப்லெட் வசதி இல்லாததால் குறைகள் பதிவாகாமல் தப்பிப்போகின்றன." ஒரே வரியில் சிக்கல் வந்துவிட்டது, காரணம் வந்துவிட்டது, கொட்டேஷன் வாங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. எம்டி போன மாதம் கண்காட்சிக்குப் போய் ஒரு சாஃப்ட்வேரைப் பார்த்து மயங்கி வந்திருந்தால், அந்த சாஃப்ட்வேர் எதைச் சரிசெய்யுமோ அதுவே உங்கள் கம்பெனியின் தலையாய சிக்கல். மருந்து தயாராக இருக்கும்போது நோயைத் தேடி அலைவானேன்.

எல்லை

இந்த வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

எல்லை போடுவதற்கு ஐந்து பத்தி உள்ள ஓர் அட்டவணை உண்டு. சிக்ஸ் சிக்மா வகுப்புக்குப் போனவர்கள் அதை சைபாக் என்பார்கள். பொருள் கொடுப்பவர் யார், என்ன கொடுக்கிறார், நாம் என்ன செய்கிறோம், என்ன வெளியே வருகிறது, யாருக்குப் போகிறது. இந்த ஐந்தையும் நேர்மையாக நிரப்பினால், ஒரு டி-ஷர்ட்டில் இருக்கும் ஓட்டைக்கு எத்தனை பேர் உறவினர்கள் என்று தெரிந்துவிடும். நூல் மில்லிலிருந்து நூல் வருகிறது. நிட்டிங்கில் துணியாகிறது. டையிங்குக்குப் போய்ச் சாயம் ஏறி, காம்பாக்டிங்கில் அளவுக்கு வந்து, கட்டிங் டேபிளுக்கு வருகிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று லைனில் தையல் நடக்கிறது. பிசிர் வெட்டி, செக்கிங் முடிந்து, அயர்னிங், பேக்கிங், பெட்டி. நடுவே எம்டி கேபின், மெர்ச்சன்டைசர் மேஜை, ஹாம்பர்க்கிலோ பார்சிலோனாவிலோ உட்கார்ந்து நிறத்துக்கு ஓகே சொல்லும் பையர். இவ்வளவு நீள வழியில் எங்கே கோடு கிழிப்பது?

மறுபேச்சுப் பேசாதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி.

செக்கிங் டேபிளைப் போய்ப் பாருங்கள். டியூப் லைட் தாழ்வாகத் தொங்கும். கீழே வெள்ளை மேஜை. இரண்டு பக்கமும் அக்காக்கள் நின்றபடி பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கழுத்து, தோள், அக்குள், கீழ் மடிப்பு, பிறகு உள்பக்கம் புரட்டி அதே வரிசை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, ஆல்டர் கூடையில் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வரை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு மாற்றம், தையல் விட்டது, முறுக்கிக்கொண்ட பக்கத் தையல் எல்லாம் இந்த மேஜையில்தான் கண்ணுக்குப் படுகின்றன. ஆகவே எல்லாம் இந்த மேஜையில்தான் நடக்கின்றன. இந்த 'ஆகவே'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தத் திட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது.

கிக்-ஆஃப் மீட்டிங்கில் ஓர் அக்கா வாயைத் திறக்க வாய்ப்பிருக்கிறது.

"ஏனுங்க சார், துணியே ஷேடு மாறி வந்தா நாங்க பாத்து என்னங்க பண்றது? ஸ்டிக்கர்தான் ஒட்டலாம்."

கோபப்படக் கூடாது. சிரித்த முகத்துடன், "நல்ல பாயின்ட்டுங்கக்கா, ஆனா அது நம்ம ஸ்கோப்புல வராதுங்க" என்று சொல்லி, அதைத் தனியாக ஒரு சார்ட்டில் எழுதி வையுங்கள். 'பார்க்கிங் லாட்' என்று அந்த சார்ட்டுக்குப் பெயர். அதில் நிறுத்திய வண்டி எதுவும் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை.

தர மேலாண்மையின் பெரியவர் டெமிங், தன் அனுபவத்தில் குறைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, அவை நிர்வாகத்தின் பொறுப்பு என்று மதிப்பிட்டு எழுதினார். மீதி 6 சதவீதத்தைத்தான் தற்செயலான தனிக் காரணங்களுக்கு விட்டார். அவர் சொன்னது பொய்யென்று யாரும் இதுவரை எழுந்து சொல்லவில்லை. அவர் படத்தைப் பயிற்சி அறையில் மாட்டி, அந்த 94-ஐ எல்லைக்கு வெளியே வைத்துவிட்டு, 6-க்குள் திட்டம் போடுவதுதான் நடைமுறை. கேபினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

டையிங்கை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் உள்ளே இழுத்துவிடாதீர்கள். அது ஜாப் ஒர்க், வேறொருவர் பட்டறை. "எங்க கன்ட்ரோல்ல இல்லீங்க" என்ற வாக்கியம் அதற்கென்றே உண்டாக்கப்பட்டது. துணி ஒரு வாரம் தாமதமாக வரும், மூன்று ரோல் மூன்று நீலத்தில் வரும், எல்லாம் வெளி விவகாரம். இந்த ஊரே ஒரு காலத்தில் சாயத் தண்ணீரை அப்படித்தான் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. அது நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரே நாளில் சாயத் தண்ணீர் எல்லாருடைய ஸ்கோப்புக்கும் உள்ளே வந்தது. ஆனால் உங்கள் திட்டத்துக்குக் கெடு மூன்று மாதம். அதற்குள் எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது, தைரியமாக இருங்கள்.

எல்லை போடத் தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்று குறிக்கோளை எழுதிக்கொண்டார். கவனியுங்கள், 'ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை 10 சதவீதம் குறைப்பது' என்று எழுதவில்லை. குறிக்கோளை அவ்வளவு பெரிதாக எழுதியதால் வந்த தொல்லைகளைப் பாருங்கள். ஓர் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைத் தயாராக வைக்க வேண்டி வந்தது. நோயாளிகள் வரவில்லை என்றால் ஊர் ஊராக முகாம் போட வேண்டி வந்தது. கிராமத்துப் பெண்களை எடுத்து அங்கேயே பயிற்சி கொடுக்க வேண்டி வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைக்கு எட்டவில்லை என்றதும், 1992-இல் ஆரோலேப் என்று லென்ஸ் தயாரிக்கவே இறங்கினார்கள். சிக்கல் எங்கே போனதோ அங்கெல்லாம் எல்லையும் பின்னாலேயே போயிருக்கிறது. சைபாக்கில் முதல் பத்தியில் சும்மா இருக்க வேண்டிய சப்ளையரை வீட்டுக்குள் கொண்டுவந்து குடிவைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பாடமாக நடத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு முடிவு அறிக்கை எழுதும் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. திட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சின்ன எல்லை உங்களுக்குப் பிடிக்கவில்லையா, நேர் எதிராகவும் போகலாம். "நிறுவனம் முழுமைக்குமான தரப் பண்பாட்டு மாற்றம்" என்று எழுதுங்கள். நூல் முதல் பையர் வரை எல்லாம் உள்ளே. குழுவில் இருபத்திரண்டு பேர். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிய கொக்கின் கதைதான், ஆனால் இங்கே கொக்குக்கு மாதச் சம்பளம் உண்டு. இந்த வழியில் யாரும் எதையும் முடிக்க மாட்டார்கள், யாரும் யாரையும் கேட்கவும் மாட்டார்கள். கன்சல்டன்ட்கள் இதைத்தான் விரும்புவார்கள். உள்ளூர்க்காரர் நீங்கள், மாசக் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர். உங்களுக்குச் சின்னதே உத்தமம்.

மூன்றாவது 'ஏன்' வேண்டாம்

எல்லைக்கு உள்ளேயே இருக்கும்போதும் ஒரு கண்ணிவெடி உண்டு. டொயோட்டாவில் தைச்சி ஓனோ பரப்பிய பழக்கம் அது, ஒரு குறையைப் பார்த்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்பது. அவர் புத்தகத்தில் கொடுக்கும் உதாரணத்தில் மெஷின் நிற்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது. ஏன், ஏன் என்று போனால் கடைசியில் எண்ணெய் பம்ப்பில் ஒரு வடிகட்டி இல்லாததில் போய் முடிகிறது. முதல் ஏனிலேயே நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மனுஷர் ஏன் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாவது ஏன்.

நம் டி-ஷர்ட் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். ஏன் ஓட்டை? ஊசி மழுங்கியிருக்கிறது. நிட்டிங் துணிக்குப் போடும் ஊசி இழையை விலக்கிக்கொண்டு போக வேண்டும், இது இழையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஏன் மாற்றவில்லை? ஓவர்லாக் டெய்லர் எழுந்து போய்ப் புது ஊசி வாங்கவில்லை. நிறுத்துங்கள். இங்கேயே, இந்த இரண்டாவது படியிலேயே நிறுத்திவிடுங்கள். காரணம் கிடைத்துவிட்டது, அதற்குப் பெயரும் டோக்கன் நம்பரும் இருக்கிறது. நடவடிக்கைப் பத்தியில் "ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி" என்று எழுதி, போட்டோ எடுத்து ஒட்டிவிடலாம்.

ஆர்வக்கோளாறில் மூன்றாவது ஏன் கேட்டுப் பார்த்தவர்கள் கதி தெரியுமா? டெய்லர் ஏன் எழுந்து போகவில்லை? பழைய ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும், ஊசி உடைந்திருந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை தேட வேண்டும். துணிக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது என்பதற்கான நல்ல விதிதான். ஆனால் அந்த நேரத்துக்கும் சேர்த்துத் தலைக்கு மேல் போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதியிருக்கிறது. சூப்பர்வைசர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து அந்தப் போர்டைப் பார்க்கிறார். நாலாவது ஏன், டார்கெட் ஏன் அவ்வளவு தலைதெறிக்க ஓடுகிறது? டையிங்கிலிருந்து துணி தாமதமாக வந்தது. வெட்டுவதற்கு முன் இருபத்துநாலு மணி நேரம் விரித்துப் போட்டு ஆறவிட வேண்டிய துணியை வந்த கையோடு வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பக்கத் தையல் முறுக்கிக்கொள்கிறது, அளவு சுருங்குகிறது, அது தனிக் கதை. ஐந்தாவது ஏன், துணி ஏன் தாமதம்? ஷேடு சாம்பிள் போய், திரும்பி வந்து, மறுபடி போய், பையர் ஓகே சொல்வதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. ஷிப்மென்ட் தேதி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தத் தேதிக்குத் தலையாட்டியது யார்?

இப்போது நீங்கள் மாடிப்படியில் நிற்கிறீர்கள். மேலே கண்ணாடிக் கதவு, ஏசி, உங்கள் திட்டத்தின் ஸ்பான்சர். செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிடுவது நல்லது.

இதே ஓனோ, இன்ஜினியர்களைத் தொழிற்கூடத்துத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் மணிக்கணக்கில் நின்று பார்க்கச் சொல்வாராம். நீங்கள் நிற்க வேண்டாம். நின்று பார்த்தால் கண்ணில் பட்டுத் தொலைக்கும். கான்ஃபரன்ஸ் ரூமில் புரொஜெக்டர் போதுமானது.

இலக்கு: எண்ணை எங்கிருந்து எடுப்பது

எல்லை கச்சிதமாக விழுந்துவிட்டால் இலக்கு பாதி தானாகவே வந்துவிடும். மீதிப் பாதி தொடக்கக் கணக்கில் இருக்கிறது, அதாவது திட்டத்துக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று நீங்கள் காட்டும் எண்ணில்.

எந்த மாதத்தை எடுப்பது என்று கேட்டால், தீபாவளி முடிந்து வரும் வாரங்களை எடுங்கள். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். தென் மாவட்டத்துக்காரர்கள் பத்து நாளில் வருவார்கள், ஒடிசா, பீகார்க்காரர்கள் டிக்கெட் கிடைக்கும்போது வருவார்கள், சிலர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஹெல்பராக இருந்த பையனை மெஷினில் உட்கார வைத்திருப்பார்கள். அந்த மாதக் குறைகளை எண்ணித் தொடக்கக் கணக்காக வைத்துவிட்டு, முடிவுக் கணக்கைப் பிப்ரவரியில் எடுங்கள். ஜனவரி வேண்டாம், பொங்கல் குறுக்கே வரும். நடுவில் நீங்கள் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாவிட்டாலும் வரைபடம் அழகாகக் கீழே இறங்கும். மிக மோசமான மாதத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடச் சுமாரான மாதம்தான், இது புள்ளியியல் படித்தவர்களுக்கும் தெரியும், பனியன் கம்பெனி வாட்ச்மேனுக்கும் தெரியும். எம்டிக்கும் தெரியும், ஆனால் அவருக்கும் மேலே காட்ட ஒரு வரைபடம் தேவைப்படுகிறது.

அடுத்து, எந்த அளவையில் எண்ணுவது. லைனில் நூறு பீஸுக்கு எத்தனை குறை என்று பார்ப்பார்கள். ஆயிரம் பீஸில் 80 குறை இருந்தால் நூற்றுக்கு 8. பச்சையாகத் தெரிகிறது, நல்லதல்ல. இங்கேதான் சிக்ஸ் சிக்மா கைகொடுக்கும். 1986-இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் உருவாக்கிய முறை. இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனிக்கு அமெரிக்காவின் பால்ட்ரிஜ் தர விருது கிடைத்தது. 1995-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் கையில் எடுத்த பிறகு உலகத்துக்கே பரவியது. பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறை என்பது அதன் உச்ச இலக்கு. இதில் எல்லாரும் 3.4-ஐப் பார்த்து வாய் பிளப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது 'வாய்ப்புகள்' என்பதை. ஒரு பீஸில் குறை வர ஒரே ஒரு வாய்ப்பு என்று கணக்கு வைத்தால், ஆயிரம் பீஸில் 80 குறை என்பது பத்து லட்சத்துக்கு 80,000. ஒரு பீஸில் கழுத்து, தோள், கை மடிப்பு, லேபிள், ஒவ்வொரு தையல் வரிசை என்று நூறு வாய்ப்புகளை எண்ணிவிட்டால், அதே 80 குறை பத்து லட்சத்துக்கு 800 ஆகிவிடும். ஆல்டர் கூடையில் ஒரு பீஸ் கூடக் குறையவில்லை. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு முன்னேற்றம்!

பையரின் இன்ஸ்பெக்டர் இந்தக் கணக்கில் விழ மாட்டார், அவர் ஏக்யூஎல் அட்டவணையோடு வருவார். வழக்கமான 2.5 அளவுக்கு ஐயாயிரம் பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார். பத்துக் குறை வரை தேறும், பதினொன்று என்றால் தேறாது. ஆகையால் உங்கள் சார்ட்டரில் "முதல் இன்ஸ்பெக்ஷனில் லாட் தேற வேண்டும்" என்று தப்பித் தவறியும் எழுதாதீர்கள். அது வெளியாள் ஒருவர் வந்து, உங்களைக் கேட்காமலே சரிபார்க்கக்கூடிய இலக்கு. உங்கள் ஃபைலுக்குள்ளேயே பிறந்து, உங்கள் ஃபைலுக்குள்ளேயே வளரும் எண்தான் பாதுகாப்பானது.

நல்ல இலக்குக்கு ஐந்து இலக்கணம் சொல்லி, ஸ்மார்ட் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சிலைடு போடுவார்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்பவர் ஒரு மேலாண்மைப் பத்திரிகையில் எழுதியது. அவர் முதலில் கொடுத்த ஐந்தில் ஒன்று, இதை யார் செய்யப்போகிறார் என்று பெயர் குறிக்க வேண்டும் என்பது. இன்று புழங்கும் பெரும்பாலான சிலைடுகளில் அந்த இடத்தில் 'எட்டக்கூடியது' என்பது வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சிலைடில் எது இருக்கிறது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கும் பழைய பதிப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இலக்கு வைத்துவிட்டால் ஜனங்கள் அதை அடைந்தே தீருவார்கள், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2000-களின் தொடக்கத்தில் அவசரப் பிரிவுக்கு நாலு மணி நேர இலக்கு வைத்தார்கள். வந்தவரை அதற்குள் பார்த்து அனுப்பவோ படுக்கையில் சேர்க்கவோ வேண்டும். கடிகாரம் நோயாளி உள்ளே நுழைந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். சில இடங்களில் ஆம்புலன்ஸ்கள் வாசலிலேயே வரிசையில் நின்றன. தள்ளுவண்டியில் யாரும் நீண்ட நேரம் கிடக்கக் கூடாது என்று இன்னொரு விதி. சக்கரத்தைக் கழற்றிவிட்டால் தள்ளுவண்டி படுக்கையாகிவிடும் என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் அளவை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்த ஆரம்பித்ததும் அந்த அளவு கெட்டுப்போகும் என்று 1975-லேயே பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையை வைத்துச் சொல்லியிருந்தார். சொன்னவர் இங்கிலாந்துக்காரர்தான்.

நம் மேஜையில் ஸ்பேனர் கூடத் தேவைப்படாது. ஆல்டர் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று இலக்கு வைத்த இரண்டாவது வாரம், சூப்பர்வைசர் மேஜைப் பக்கம் வந்து, "சின்னச் சின்னதுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டாதீங்கக்கா" என்பார். ஒட்ட மாட்டார்கள். ரொம்பவும் மோசமான பீஸ்கள் கணக்கில் ஏறாத ஒரு மூட்டையாக மேஜைக்கு அடியில் சேரும். மாசக் கடைசியில் அது காதர்பேட்டை வியாபாரி டெம்போவில் ஏறி, மழுங்கிய ஊசியின் ஓட்டையோடு யாரோ ஒருவர் முதுகில் நல்ல விலைக்குப் போய்ச் சேரும். அதுவும் எல்லைக்கு வெளியே நடப்பதுதான். தரையில் விழுந்து கிடக்கும் சிவப்பு ஸ்டிக்கர் குறைந்திருப்பதைப் பெருக்குகிற அம்மா முதலில் கவனிப்பார். முன்னேற்றத்தைத் தொழிற்கூடத்திலேயே கண்ணால் கண்ட ஒரே சாட்சி அவர்தான் என்பதால், முடிவு விழாவில் ஒரு சால்வை போடலாம்.

கையெழுத்து

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிஎம், க்யூசி மேனேஜர், ஹெச்ஆர், அக்கவுன்ட்ஸ், கடைசியாக ஸ்பான்சர் என்ற வரிசையில் வாங்குங்கள். முகூர்த்த நாளாகப் பார்த்து, மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். அக்கவுன்ட்ஸ் மட்டும் சேமிப்பு எத்தனை ரூபாய் என்று கேட்பார். ஏர் ஷிப்மென்ட்டுக்குச் செலவழித்த தொகையை 'தவிர்க்கப்பட்ட இழப்பு' என்று போடுங்கள். அடுத்த ஆர்டரும் ஏர்ல போனால், அது மெர்ச்சன்டைசிங் பிரச்சினை, அதற்குத் தனிச் சார்ட்டர் வேண்டும்.

செக்கிங் அக்காக்களிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். தேவையில்லை. பயிற்சிக்கு வந்ததற்கு அட்டென்டன்ஸ் ஷீட்டில் போட்டிருப்பார்கள், அதன் நகலே போதும்.

முடிவு அறிக்கையைச் சமர்ப்பித்த மறு வாரமே இரண்டாம் கட்டத்துக்கு எழுதிப் போட்டுவிடுங்கள், சூடு ஆறக் கூடாது. இந்த முறை எல்லைக்கு நான் அயர்னிங்கைச் சிபாரிசு செய்கிறேன். அயர்ன் மாஸ்டர்கள் பீஸ் ரேட்காரர்கள். ஒரு மணி நேரம் மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரக் கூலி போய்விடும், அதனால் வர மாட்டார்கள். ஆட்சேபமும் வராது.